நிரப்புவதா, தூக்கித் தைப்பதா

கண்டியில் அந்த டொக்டரம்மா எனக்கு இரண்டு வழி சொன்னார். வீட்டுக்குப் போய் ஆறுதலாக யோசித்து, ஒரு கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். ஆறுதலாக! மரக்கறிச் சந்தையில் லீக்ஸ் வாங்குவதா கோவா வாங்குவதா என்று யோசித்து, யோசிப்பதற்குள் இரண்டும் விற்றுப்போய், வெறும் பருப்போடு வீடு வந்து சேருகிறவள் நான். என்னைப் பார்த்து, "உள்ளுக்கு சிலிக்கன் பை மட்டும் வைக்கிறதா, இல்ல பையும் வச்சு மாரைத் தூக்கியும் தைக்கிறதா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றால் நான் எங்கே போவேன்?

எட்டாம் ஆண்டோடு ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டவள். அதற்குப் பிறகு நான் பாஸ் பண்ணின ஒரே விஷயம் பயப்படுவதுதான். பஸ் வளைவில் திரும்பினால் பயம், திரும்பாவிட்டால் இன்னும் பயம். ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து சாரி ஜாக்கெட் தைக்கிறேன். இருப்பது மஸ்கெலியா ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின காம்பராக்களில் ஒன்றில்.

எதற்கு இந்த ஒப்பரேஷன் வேலை என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். பதில் பாவாடை.

எங்கள் லயத்துக்குக் கீழே பீலி இருக்கிறது. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டுகிற இடம், பொம்பளைகள் குளிக்கிற இடம். பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிப்போம். அந்தப் பாவாடை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு அது நிற்காமல் போன பிறகுதான் யோசித்தேன். மூன்று பிள்ளைகள், மூன்றும் நடந்து வந்து, வாய் திறந்து பேர் சொல்லிக் கேட்கிற வயசு வரைக்கும் பால் குடித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு குவைத்தில் ஒரு மாளிகையில் சமையல் வேலை. நல்ல சாப்பாடு, நான் சமைத்தது, அவர்கள் சாப்பிட்டது. திரும்பி வரும்போது உடம்பு பாதியாகிவிட்டது. தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. சோப்புப் போடக் கையைத் தூக்கினால் பாவாடை இடுப்புக்கு வந்துவிடும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் குளித்துப் பாருங்கள், அப்போது தெரியும். கடைசியில் பீலிக்குப் போவதை விட்டுவிட்டு, காம்பராவுக்குள்ளேயே ஒரு வாளியோடு குளிக்கப் பழகினேன். ஊர் ஜாக்கெட்டுக்கெல்லாம் ஸ்பொஞ்ச் கப் வைத்துத் தைக்கிறவள் என் ஜாக்கெட்டில் இரண்டு சோடி வைத்துத் தைத்துக்கொண்டேன். வெளியே நான் ராணி. ஜாக்கெட்டைக் கழற்றினால் என் மார் ஆணியில் தொங்கும்.

குவைத்துக் காசில் கூரையைப் போட்ட பிறகும் கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சியதை என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கும் முன்பே, யாரிடமும் சொல்லாமல், கண்டிக்கு பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த ஒரே காரியம். அதற்கு வட்டியும் முதலுமாகப் பிறகு யோசித்தேன்.

டொக்டரம்மா சிங்களம். தமிழ் தடுக்கித் தடுக்கி வரும், ஆனால் சிரித்துக்கொண்டே வரும். கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, மாருக்குக் கீழே இருக்கிற மடிப்பில் விரலை வைத்துக் காட்டினார். காம்பு அந்த மடிப்புக்கு மேலே இருந்தால் பை மட்டும் வைத்தால் போதுமாம், உள்ளே நிறைந்து கொஞ்சம் எழும்பி நிற்குமாம். மடிப்புக்குக் கீழே போய்த் தரையைப் பார்த்தால் பை மட்டும் போதாதாம். பை மேலே நிற்கும், தோல் கீழே தொங்கும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து கீழே போகும்.

"என்னோடது எங்க பாக்குது டொக்டர்?"

"உங்கட செருப்பைப் பாக்குது" என்றார். மரியாதையான பொம்பளை.

பை மட்டும் என்றால் மடிப்போரமாக ஒரு சின்ன வெட்டு, மறைந்துவிடும், சீக்கிரம் எழும்பலாம். தூக்கித் தைப்பதும் சேர்ந்தால் காம்பைச் சுற்றி ஒரு தழும்பு, அதில் இருந்து நேர் கீழே ஒன்று, மடிப்போரமாக இன்னொன்று. காலம் போகப் போக வெளிறும், ஆனால் அழியாது. காம்பில் உணர்ச்சி குறையலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தால் ஆபத்தும் கொஞ்சம் கூடும், அதனால் பை சின்னதாகத்தான் வைப்பார். வாரக்கணக்கில் கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பையும் ஆயுசுக்கு நிற்காது, வருஷங்கள் கழித்து மாற்ற வேண்டி வரலாம். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். என்னைப் போன்ற ஆளுக்கு ஒளிக்காமல் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்குத் தெரியாது.

"கேள்வி ஏதும் இருக்கா?" என்றார்.

இருந்தது. நுவரெலியாப் பக்கம் போனால் குளிரில் பை உறையுமா? எங்கள் பக்கம் இடி மின்னல் அதிகம், பை அதை இழுக்குமா? கொழுந்து மலைக்குள் போய் அட்டை கடித்தால் ஓட்டை விழுமா?

அட்டை என்றதும் பக்கத்தில் நின்ற நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. டொக்டரம்மா சிரிக்கவில்லை. "அட்டை அவ்வளவு ஆழம் போகாது" என்று ஒரு ஆராய்ச்சியாளர் போலப் பதில் சொன்னார். "பய வென்ன எபா" என்று சிங்களத்தில் முதுகைத் தட்டினார். பயப்படாதே என்று என்னிடம் சொன்னவர்கள் இதற்கு முன்னும் இருந்தார்கள். ஒருத்தரும் ஜெயித்ததில்லை.

போவதற்கு முன் என் வயசுக்கு ஒரு மார்பு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று அனுப்பினார். அங்கேதான் சனி பிடித்தது. ஸ்கேன் அறை வாசலில், மார்பகப் புற்றுநோய் பற்றிய பெரிய படத்துக்குக் கீழே நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயம்மா, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர், யாருக்கோ துணையாக அந்தப் பக்கம் போனார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல், கண் கலங்கிப் போய்விட்டார்.

என் பஸ் கினிகத்தேனை மலை ஏறுவதற்குள் நான் தோட்டத்தில் பாதி செத்துவிட்டேன்.

மறுநாள் தொடங்கியது ஊர்வலம். மாரி பிஸ்கட், சத்துமா டின், ஆப்பிள். எங்கள் லயத்துக்கு ஆப்பிள் வந்தால் அங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். வருகிறவர்கள் எல்லாரும் குரலை இறக்கிப் பேசினார்கள். "முடி கொட்டுமாம், ஆனா திரும்ப மொளைச்சிருமாம்" என்று ஒருத்தி என் பின்னலைப் பார்த்துக்கொண்டே ஆறுதல் சொன்னாள். இன்னொருத்தி என் தையல் மெஷினைத் தடவி, "இது நல்ல மெஷின்தானே அக்கா?" என்றாள். கட்டி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் எதற்குப் போனாய் என்று கேட்பார்கள். அதனால் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஊரே சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட் வரும் வரைக்கும் அமுக்கி அமுக்கிப் பார்த்து மார் வலி எடுத்ததுதான் மிச்சம்.

கண்டியில் இருந்து வந்த ராத்திரியே சொன்னதால், என் வீட்டுக்காரருக்கு மட்டும் உண்மை தெரியும். தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. மனுஷன் தங்கம், கேள்வி மட்டும் கேட்கக் கூடாது.

"என்னாங்க, ஒங்களுக்கு எது சரின்னு தோணுது?"

தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "எது?"

"வெறும் பையா, இல்ல தூக்கறதும் சேத்தா?"

"இப்படியே இருந்தா என்னா?"

"அது கேள்வியில இல்லைங்க."

"ஒனக்கு எது விருப்பமோ அது."

"டீவி வாங்கறப்ப மட்டும் எத்தன கேள்வி கேட்டீங்க. எத்தன இஞ்சு, எந்த ஊரு சாமான், வாரண்டி எத்தன வருஷம்..."

"இதுக்கு வாரண்டி இருக்கா?" என்றார், நிஜமான அக்கறையோடு.

அதோடு அவரிடம் கேட்பதை நிறுத்தினேன்.

கடையில் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். துணியை மடித்து டக் பிடிக்காத பழைய ஜாக்கெட் ஒன்றை பொம்மைக்கு மாட்டி, உள்ளே கப்பைச் சொருகினேன். கப் மெதுவாக வயிற்றுப் பக்கம் குடி பெயர்ந்தது. டக் பிடித்துத் துணியை ஏற்றிவிட்டு அதே கப்பைச் சொருகினேன். அம்சமாக நின்றது. கிழிந்தது போ, எட்டாம் ஆண்டுக்காரிக்கே புரிந்துவிட்டது. ஆனால் துணிக்கு ரத்தம் இல்லை. துணிக்கு வலிக்காது. தையல் பிடிக்கவில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். என் மேல் பிரித்துத் தைக்க முடியுமா?

உண்மையைச் சொன்னால், என் மனசு பை மட்டும் போதும் என்ற பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது. அது நல்லது என்பதால் இல்லை. டொக்டரம்மா, "நான் உங்கட இடத்தில இருந்தா தனியா பை வைக்க மாட்டேன்" என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். ஆனால் பை மட்டும் என்றால் ஒளிக்கலாம். கொஞ்ச நாளில் எழும்பி, வயித்துப்போக்கு என்று சொல்லிவிட்டு கடைக்குப் போகலாம். பீலியில் ஈரப் பாவாடைக்குள் தழும்பு தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாமல் அசிங்கமாக இருப்பதா, எல்லாருக்கும் தெரிந்து அழகாக இருப்பதா? கேள்வி இவ்வளவுதான். நான் அசிங்கத்தின் பக்கம் நின்றேன்.

கிழமை முடிய ஒருநாள் இருக்கும்போது நர்ஸ் போன் பண்ணினாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சுத்தம். "முடிவு எடுத்திட்டீங்களா?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் என் வீட்டுக்காரரின் தங்கச்சி வந்தாள். கொழுந்து எடுத்து முடித்து, நேராக ஹட்டனுக்குப் போய்விட்டு வந்த களைப்பு. இடுப்பில் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள்.

"கோயிலுக்கு நேந்துக்கிட்டேன் அண்ணி" என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் நோய் என்றால் வெள்ளித் தகட்டில் கண்ணை அடித்து மாரியம்மன் காலடியில் வைப்போம். காலுக்குக் கால், கைக்குக் கை. அவள் எனக்கு எதை அடித்துக்கொண்டு வந்திருப்பாள் என்று பிரிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

"நகை செய்ற பத்தர்கிட்ட கண்ணு, கை, காலெல்லாம் ரெடியா இருக்கு. இது மட்டும் ஓடர் குடுத்துத்தான் செய்யணும்னு சொன்னாரு. எந்தப் பக்கம்னு கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்? ரெண்டையும் அடிங்கன்னுட்டேன்."

தகட்டைப் பார்த்தேன். இரண்டும் சோடியாக, உருண்டு திரண்டு, நெஞ்சை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தன. என்னை ஒருநாளும் பார்க்காத பத்தர், யாரிடமும் யோசனை கேட்காமல், பையும் வைத்துத் தூக்கியும் தைத்திருந்தார். அதுவும் தழும்பே இல்லாமல். ஒரு கிழமையாக நான் புரண்டு புரண்டு யோசித்ததை மனுஷன் ஒரு சுத்தியலால் முடித்துவிட்டார்.

சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா மாதிரி மறைக்காதீங்க அண்ணி."

என் மாமியார் மாரில் வந்த கட்டியை யாருக்கும் காட்டவில்லை. ஜாக்கெட்டுக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டே மலை ஏறிக் கொழுந்து எடுத்தார். தெரிய வந்தபோது ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. கடைசி வரைக்கும் அந்தத் துணியை மாற்றிவிட்டது இவள்தான். அதற்குப் பிறகும் அவள் முன்னால் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருக்க எனக்கு முடியவில்லை.

"கட்டி இல்ல புள்ள."

"பொய் சொல்லாதீங்க."

"அம்மன் மேல சத்தியமா. ஸ்கேன்ல சுத்தமா இருக்காம். இன்னைக்குத்தான் சொன்னாங்க."

"அப்ப எதுக்கு கண்டிக்குப் போனீங்க?"

சொன்னேன். பீலி, பாவாடை, பை, தூக்கித் தைப்பது, எல்லாம். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"தொங்குறதுக்கா?" என்று கத்தினாள்.

லயத்துக் காம்பராவின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் டீவிச் சத்தம் சட்டென்று குறைந்தது.

"மெதுவா பேசு."

"என்னா மெதுவா? நான் அம்மன் வாசல்ல பொரண்டு அழுதது இதுக்கா? நேந்த நாள்லேருந்து மீனு கூடத் தொடல அண்ணி நானு! நேத்து எங்க வீட்டுல நெத்தலி பொரியல், வாசத்தப் புடிச்சிக்கிட்டே வெறும் சோத்தைத் தின்னேன்!"

"மன்னிச்சிரு புள்ள."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காட்டுங்க" என்றாள்.

"என்னாத்த?"

"அதத்தான். கட்டி இருக்கா இல்லையான்னு நான் பாக்கணும்."

கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். அவள் கைவைத்து, பக்கத்துக்குப் பக்கம், அக்குள் வரைக்கும் தடவிப் பார்த்தாள். கட்டி இல்லை என்று நம்பிய பிறகுதான் முகத்தில் ரத்தம் வந்தது. அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று, விலை பேச வந்தவள் போலப் பார்த்தாள்.

"அட, இவ்வளவுதானா? எனக்கும் இப்படித்தானே கெடக்கு."

"ஒனக்கு எவ்வளவோ பரவால்ல."

"எங்க பரவால்ல? இங்க பாருங்க!"

அவளும் காட்டினாள். யாருடையது மோசம் என்று நாங்கள் போட்டி போட்டோம். நான்தான் ஜெயித்தேன். சிரித்துச் சிரித்து அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாங்க அங்க சிரிப்பு?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். டீவி இப்போது முழுசாக நின்றிருந்தது. "டொக்டர் நல்ல சேதி சொன்னாரா?"

நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். முந்திவிட்டாள்.

"கட்டி இல்லையாம் அக்கா! தூக்கித் தைக்கிறதுக்குத்தான் போனாங்களாம்!"

விடியும் முன்னே லயம் முழுக்கத் தெரியும். காலையில் தண்ணீர் எடுக்கப் போனால் பீலியில் ஒரு கூட்டமே நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் தொழிற்சங்கம் இரண்டாக உடைந்த காலத்தில்கூட இவ்வளவு சூடு இல்லை. ஒரு கட்சி பை மட்டும் போதும் என்றது, இன்னொரு கட்சி தூக்காமல் பை வைப்பது வீண் செலவு என்றது. சும்மா இருப்பதே உத்தமம் என்று ஒரு கிழவி தனிச் சங்கம் நடத்தினாள். "புருஷன் என்னா சொன்னாரு?" என்று கேட்டார்கள். வாரண்டி கேட்டார் என்றேன். குளித்துக்கொண்டிருந்தவள் சோப்பைத் தவற விட்டுவிட்டாள். சத்துமா டின் கொடுத்தவள் மட்டும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. நியாயம்தான், டின்னை நான் உடைத்துத் தின்னத் தொடங்கிவிட்டேன்.

குடத்தோடு படி ஏறும்போதுதான் புரிந்தது, ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. பை மட்டும் என்ற பக்கத்தில் இருந்த ஒரே நல்ல விஷயம் இந்த இரவோடு போய்விட்டது. என் மார் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று இனித் தோட்டத்துத் துரைக்குத்தான் தெரியாது. அதுவும் சந்தேகம். தழும்பைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அது எப்படி வந்தது என்று எனக்கு முன்னாலேயே அறிந்தவர்கள். அப்படி இருக்கும்போது, அரைகுறையாக ஒன்றைச் செய்துகொண்டு யாரை ஏமாற்றுவது?

கடை திறக்கும் முன் நர்ஸுக்குப் போன் பண்ணி, "ரெண்டும் சேத்து" என்றேன். போனை வைத்த பிறகு இரண்டு ஜாக்கெட்டின் கையை மாற்றித் தைத்தேன்.

ஒப்பரேஷன் நாளில் துணைக்கு வந்தது தங்கச்சிதான். தோட்டத்தில் லீவு போட்டுவிட்டு, மடித்த துணியும் ப்ளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். தகட்டை என்ன செய்வது என்று பஸ்ஸில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நேந்தது நேந்ததுதான். நீங்க நல்லபடியா எந்திரிச்சு வாங்க, வைக்கிறேன். எதுக்குன்னு அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

டொக்டரம்மா என்னை நிற்க வைத்து, ஊதா நிறப் பேனாவால் மாரில் கோடு போட்டார். மடிப்புக்கு ஒன்று, காம்பு புதுசாக எங்கே வர வேண்டும் என்று ஒன்று, சுற்றி ஒரு வட்டம், நேர் கீழே இரண்டு. தங்கச்சி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டொக்டர், எடது பக்கம் கொஞ்சம் எறக்கமா இருக்கே?"

"அவங்கட உடம்பே அப்படித்தான். எல்லாருக்கும் ஒரு பக்கம் கூடக் கொறைய இருக்கும்" என்றார் டொக்டரம்மா. தங்கச்சி குனிந்து தன் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டாள்.

பேனாவை மூடிவிட்டு டொக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இப்பவும் ஒண்டும் பிந்தல்ல. பை மட்டும் போதும் எண்டா சொல்லலாம். ஒண்டுமே வேணாம் எண்டாலும் சொல்லலாம்."

பயப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய வரம் யார் கொடுப்பார்? கதவு திறந்துதான் இருந்தது. செருப்பு கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஹட்டன் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தேன். மாரெல்லாம் ஊதாக் கோடு, வெட்டுவதற்கு விரித்துப் போட்ட துணி போல நின்றேன்.

"இல்ல டொக்டர்" என்றேன். குரல் எலி மாதிரி வந்தது. "கோடு போட்டாச்சு. கோட்டுப்படியே வெட்டுங்க."

நர்ஸ் கட்டிலைத் தள்ளத் தொடங்கினாள். பயம் போகவில்லை, அதுவும் என்னோடு ஏறிப் படுத்துக்கொண்டது.